தீயணைப்புப் பணியில் காயம்: ஏ.ஆர். காப்பியிலிருந்து இழப்பீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் ஒருவருக்கு வலது கை வெந்துபோனது. கிடங்கில் தீ. ஷட்டரின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். ஹோஸ் (தீயணைப்புக் குழாய்) தண்ணீரில் கையுறை ஏற்கெனவே ஊறியிருந்தது. இரும்பின் சூடு ஏறியதும் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிவிட்டது. கையுறையில் ஒரு ஓட்டைகூட இல்லை, உள்ளே கை மட்டும் இட்லி மாதிரி வெந்திருந்தது. கூடப் போன ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, அவசரப் பிரிவில் "வீட்டுல வெந்நீர் கொட்டிடுச்சு" என்று சொல்லிவிட்டார். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், அப்படியே ஏறிவிட்டது. அந்த ஒரு வரியைச் சரிக்கட்ட எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது.

நான் அந்தப் பிரிவில் விபத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவன். இழப்பீட்டுக்கு ஒரு கோப்பு, பாதுகாப்புக்கு ஒரு கோப்பு என்று அப்போது தனித்தனியாக வைத்திருந்தோம். அது தப்பு. கை எப்படி வெந்தது என்று உள்ளபடி எழுதினால் பணமும் வரும், அடுத்தவர் கையும் தப்பும். மழுப்பி எழுதினால் இரண்டும் போகும். தமிழ்நாட்டில் தீயணைப்போரும் அவர்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

படி 1: எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே தீயில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ஹோஸைப் பிடித்த இரண்டு பேருக்கு இரண்டு வேறு சட்டம் பொருந்தலாம். அடிபட்ட பிறகு இதை விசாரிக்கப் போனால் நாள் வீணாகும்.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் இருப்பவர் அரசு ஊழியர். அவருக்குச் சிகிச்சைச் செலவு, விடுப்பு, ஓய்வூதியம், இறந்தால் குடும்ப ஓய்வூதியம், வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை எல்லாம் துறை வழியாகத்தான் நகரும். அடிப்படை விதிகளில் 83, 83-A என்று இரண்டு இருக்கின்றன. பணியின் விளைவாக ஏற்பட்ட காயத்துக்கான சிறப்பு விடுப்பு அது. சொந்தக் கணக்கில் உள்ள மருத்துவ விடுப்பைக் கரைப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். காயத்தின் பாதிப்பு மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், தாமதிக்காமல் மேலதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. "சின்ன அடிதானே, சார் கிட்ட எதுக்கு?" என்று விட்டுவிட்டால் இந்த விடுப்பு போச்சு.

தனியார் தொழிற்சாலை, ஆலை, குடோன் ஆகியவற்றின் தீயணைப்புப் பிரிவில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்குள், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள், வருவார். பணியிடக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இ.எஸ்.ஐ.யில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. ஒப்பந்த ஆட்கள் பலருக்கு இது தெரியாது, "இன்னும் ஆறு மாசம் ஆகலையே" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குபவருக்கும், இ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில் இருப்பவருக்கும் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923. பழைய ஆட்கள் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்பார்கள். அதன் இரண்டாம் அட்டவணையில் தீயணைப்புப் படைப் பணி தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே "நீ தொழிலாளியே இல்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020க்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, கணக்குப் போடும் முறையின் எலும்புக்கூடு அதேதான். மனுவில் எண் குறிப்பிடும்போது விபத்துத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. ஒப்பந்ததாரர் காணாமல் போனாலும் முதன்மை முதலாளியிடம், அதாவது எந்த ஆலைக்காக வேலை செய்தாரோ அந்த ஆலையிடம், இழப்பீடு கேட்கலாம். "எனக்கு எந்த இழப்பீடும் வேண்டாம்" என்று முன்கூட்டியே வாங்கிய கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம்.

படி 2: காயம் படுவதற்கு முன்பே கோப்பைத் தொடங்குங்கள்

வேலைக்குச் சேரும்போதே செவித்திறன் சோதனை, நுரையீரல் ஊதும் சோதனை, இ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை இவ்வளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் சைரனுக்கும் பம்புக்கும் பக்கத்தில் நின்ற பிறகு காது மந்தமானால், "சேரும்போதே இப்படித்தானே இருந்தீங்க?" என்ற கேள்வி வரும். சேர்ந்த அன்று எடுத்த அந்த ஒரு தாள்தான் பதில். சத்தத்தால் வரும் செவித்திறன் குறைவு, இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இருக்கிறது.

வாரிசு நியமனப் படிவங்களையும் கையோடு பாருங்கள். கல்யாணம் ஆன பிறகும் அதில் அம்மா பேரே இருக்கும் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வீட்டில் சண்டை.

படி 3: முதல் ஒரு மணி நேரம்

தீக்காயத்துக்கு முதலில் ஓடும் தண்ணீர், இருபது நிமிடம். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரம், கயிறு ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள்.

புகையை உள்ளே இழுத்தவர் விஷயத்தில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு இருந்தால் எண்ணை நம்பாதீர்கள். கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவு பார்க்கும் ரத்தச் சோதனையைக் கேளுங்கள், எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்ற நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நாலைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரம் போல ஆகும். சிகிச்சைக்காக ஆக்சிஜனை உடனே கொடுத்தே ஆக வேண்டும். ரத்தத்தையும் அப்போதே எடுக்காவிட்டால் சான்று ஆளின் மூச்சோடு வெளியே போய்விடும். மறுநாள் எடுத்த சோதனை 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும்.

ஆஸ்பத்திரியில் யார் பேசுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே பேசட்டும். இல்லாவிட்டால் சம்பவத்தைக் கண்ணால் பார்த்த சக தீயணைப்போர் கூடப் போக வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் மட்டும் போகக் கூடாது. ஏ.ஆர். பதிவில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்: இடம், நேரம், பணியில் இருந்தார் என்ற சொல், எப்படி நேர்ந்தது. "தீக்காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. "இன்ன ஆலையின் கிடங்கில் தீயணைப்புப் பணியின்போது சூடான இரும்பைப் பிடித்ததில் வலது உள்ளங்கையில் தீக்காயம்" என்பது பதிவு. எம்.எல்.சி., அதாவது மருத்துவ-சட்ட வழக்கு என்று ஆஸ்பத்திரி பதிவு போட்டால் போலீசுக்குத் தகவல் போகும், போகட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியது மறைக்க ஏதாவது இருப்பவர்கள்.

படி 4: நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காகிதம்

நிலையத்தின் சம்பவப் பதிவேட்டில், வாட்ச் ரூம் (அழைப்புகளை வாங்கும் அறை) குறிப்பேட்டில், அன்றைய பணிப்பட்டியலில் மூன்றிலும் ஒரே கதை இருக்க வேண்டும். அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், இடத்தை அடைந்த நேரம், காயம் பட்ட நேரம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். 14:20க்குக் காயம், 14:35க்கு வண்டி புறப்பாடு என்று எழுதிவைத்த கோப்பை எதிர்த்தரப்பு வக்கீல் அல்வா மாதிரிச் சாப்பிடுவார்.

போட்டோ எடுங்கள். காயத்தைவிட முக்கியம் உபகரணம். எரிந்த கையுறை, கிழிந்த பூட், உடைந்த கண்ணாடி எதையும் துவைக்காமல், தூக்கிப் போடாமல், ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி ஒட்டி வையுங்கள். எங்கள் கேஸில் கடைசியில் நின்றது அந்தக் கையுறைதான். சுருங்கிப்போன உள்துணியில் தோல் ஒட்டியிருந்தது. வெந்நீர் வீட்டில் கொட்டியிருந்தால் தொழிற்சாலைக் கையுறை எப்படி அப்படி ஆகும்?

கூட இருந்த இரண்டு பேரின் வாக்குமூலம், அவரவர் கையெழுத்தில், அவரவர் வார்த்தையில். ஒருவர் எழுதியதை மற்றவர் காப்பியடித்தால் இரண்டுக்கும் மதிப்பு போய்விடும்.

அடுத்து அறிவிப்புகள். இ.எஸ்.ஐ. என்றால் படிவம் 12இல் விபத்து அறிக்கையை முதலாளி உடனே இணையத்தில் ஏற்ற வேண்டும், அதன் நகலை ஊழியர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் போக வேண்டும். இறப்போ கடுமையான காயமோ என்றால் 1923 சட்டத்தின்படி ஏழு நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிக்கை. போலீசில் எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கி வையுங்கள்.

படி 5: எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

1923 சட்டத்தில் கணக்கு மூன்று எண்களைப் பெருக்குவதுதான்: மாதச் சம்பளத்தின் ஒரு பங்கு, வயதுக்கான காரணி, இழப்பின் சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய். இந்த வரம்பு 2020 ஜனவரி 3 முதல்.

வயது 34, சம்பளம் 24,000 என்று வையுங்கள். எடுத்துக்கொள்வது 15,000. 34 வயதுக்கான காரணி 199.40. இறந்திருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம், 7,500 × 199.40 = 14,95,500 ரூபாய். முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம், 9,000 × 199.40 = 17,94,600. கட்டைவிரல் போயிருந்தால் முதல் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு, அதாவது 5,38,380. காரணி வயதோடு குறையும். 25 வயதுக்கு 216.91, 40க்கு 184.17.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து வருஷம். மேலே சொன்னவருக்கு மாதம் 7,500தான் வரும். இ.எஸ்.ஐ.யில் இதே நிலைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். இ.எஸ்.ஐ. என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இழப்பீட்டுச் சட்டத்தில் உண்மையான மருத்துவச் செலவும் முதலாளி பொறுப்பு. பில்லை எல்லாம் எடுத்து வையுங்கள், மெடிக்கல் ஷாப் துண்டுச் சீட்டு உட்பட. கொடுக்க வேண்டிய பணத்தை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி. காரணமில்லாத தாமதம் என்று ஆணையர் கருதினால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. முதலாளிகளுக்கும் சொல்கிறேன்: வழக்காடிக் காலம் கடத்துவதால் மிச்சம் ஒன்றும் இல்லை.

தீயணைப்பு வண்டி சாலையில் மோதியதில் காயம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவுப்படி, இழப்பீட்டுச் சட்டம் அல்லது விபத்துத் தீர்ப்பாயம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டிலும் கேட்க முடியாது. தீர்ப்பாயத்தில் 15,000 என்ற உச்சவரம்பு கிடையாது, ஆகவே நல்ல சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் அதுவே லாபம். 2019 திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. யோசிக்க ரொம்ப நேரமில்லை.

படி 6: சதவீதச் சண்டை

பெரும்பாலான வழக்குகள் 'காயம் பட்டதா?' என்பதில் நிற்பதில்லை. 'எத்தனை சதவீதம்?' என்பதில் நிற்கும்.

டாக்டர் கொடுக்கும் ஊனச் சான்றிதழின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. தீக்காயம் ஆறியபின் உள்ளங்கைத் தோல் இழுத்துப் பிடித்து விரல்கள் முழுதாக விரியாமல் போகும். காகிதத்தில் அது 20 சதவீதமாக இருக்கலாம். அந்தக் கையால் அழுத்தத்தோடு துடிக்கும் ஹோஸைப் பிடிக்க முடியாது, பிராஞ்சின் (ஹோஸின் முனைக்குழாய்) நெம்புகோலைத் திருப்ப முடியாது, ஏணியில் ஏற முடியாது. தீயணைப்போராக அவர் இழந்தது 20 சதவீதம்தானா?

1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டுக் கடன் விபத்து நடந்த நாளிலிருந்தே ஏற்படுகிறது என்பதும் அதே தீர்ப்பில்தான். அட்டவணையில் இல்லாத காயம் என்றால் மருத்துவரிடம் போகும்போது தீயணைப்போரின் வேலைப் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். எத்தனை கிலோ தூக்குவார், எதைப் பிடிப்பார், எவ்வளவு உயரம் ஏறுவார் என்று எழுதி. 'இந்த வேலைகளில் எவற்றை இனி செய்ய முடியாது?' என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகத்தில் ஏற்படும் மிகக் கடுமையான சிதைவு அட்டவணையிலேயே 100 சதவீதம் என்று இருப்பதும் பலருக்குத் தெரியாது.

ஒத்துவராவிட்டால் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை அல்லது துணை ஆணையர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். சென்னை என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போக வேண்டியிருக்கும். விபத்து நடந்த இடத்தில் மட்டும் அல்ல, மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம். சிவகாசியில் அடிபட்டவர் சொந்த ஊரான தஞ்சாவூரில் போட்டுக்கொள்ளலாம். 1923 சட்டத்தின் கெடு இரண்டு வருஷம். சரியான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு, அதை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கவரில் கொடுத்தது அந்த இழப்பீடாகக் கணக்காகாது.

எதிர்த்தரப்பு வழக்கமாக எடுக்கும் ஆயுதம், "ஹெல்மெட் போடவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை" என்பது. குடிபோதையிலோ, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியோ ஏற்பட்ட காயத்துக்குப் பொறுப்பில்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது. மற்றவற்றில், ஹெல்மெட் கொடுத்ததற்கான கையெழுத்துப் பதிவேட்டை நிர்வாகம் காட்டட்டும்.

படி 7: விபத்து மாதிரித் தெரியாத காயங்கள்

மாரடைப்பு. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்போரை ஆராய்ந்தார்கள். 39 சதவீத இறப்புக்கு இதய நோயே காரணம். நெருப்பைவிட இதயம் அதிகப் பேரைக் கொன்றிருக்கிறது. தூக்கத்திலிருந்து மணி அடித்து எழுந்து, கனத்த உடையைப் போட்டு, வெக்கையில் ஓடும் உடம்பு அது. நம் ஊர் மே மாத மதியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பீடு தானாக வந்துவிடாது, வேலையின் கடும் உழைப்புக்கும் மாரடைப்புக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆகவே அன்று எத்தனை அழைப்பு, எவ்வளவு நேரம், எப்போது நெஞ்சுவலி என்று முதன்முதலில் சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதையெல்லாம் பதிவு செய்யுங்கள். பணி முடிந்து வீட்டுக்குப் போய் ராத்திரி விழுந்தவருக்கு இந்தக் குறிப்பு ஒன்றுதான் துணை.

மனசும் உண்டு. குழந்தையின் உடலைக் கிணற்றிலிருந்து தூக்கியவருக்கு மறுநாள் ரோல் காலில் வந்து நின்றுவிட்டார் என்பதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

படி 8: கோப்புகளை அடுக்கி வைத்துப் படியுங்கள்

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் காயக் கோப்புகளையும், காயம் படாமல் தப்பிய சம்பவங்களையும் ஒரே மேஜையில் பரப்புங்கள். 'கவனக்குறைவு' என்று காரணம் எழுதியிருக்கும் கோப்புகளை முதலில் எடுங்கள். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் யாரோ விசாரிக்காமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் மேஜையில் 'கை வழுக்கியது', 'கவனக்குறைவு' என்று எழுதிய மூன்று கைக்காயங்களைப் பிரித்துப் பார்த்தோம். மூன்றிலும் கையுறை நனைந்திருந்தது. ஆளுக்கு ஒரு ஜோடிதான் கொடுத்திருந்தோம். இரண்டாவது ஜோடியை வண்டியிலேயே காய்ந்த பையில் போட்டு வைத்தோம், அவ்வளவுதான்.

மூச்சுக்கருவியின் கணக்கையும் இதே மேஜையில் போடுங்கள். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், மொத்தம் 1,800 லிட்டர் காற்று. '45 நிமிடம்' என்று சொல்லி விற்பது நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற கணக்கில். ஹோஸைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறுபவர் 70 லிட்டர் இழுப்பார். காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் 55 பாரில் அடிக்கும்போது மிச்சம் 330 லிட்டர், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. விசில் அடிப்பதற்கு முன் கையில் இருப்பது 21 நிமிடம். வெளியே வரும் நேரமும் அதற்குள் அடக்கம். வாசலில் ஒருவர் பலகையில் பெயர், உள்ளே போன நேரம், அழுத்தம் மூன்றையும் எழுதிக்கொண்டு நிற்க வேண்டும். விபத்து நடந்தால் அந்தப் பலகையின் போட்டோ உங்கள் முதல் சான்று.

கட்டடம் இடிவது. 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து இறந்தார்கள். சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்பது பொது விதி. 10 மீட்டர் சுவருக்கு 15 மீட்டர். பழைய நகரத்தின் குறுகிய தெருவில் அவ்வளவு இடமே இருக்காது. அப்போது சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் மூலைக்குப் போங்கள், ஆள் பிடிக்காமல் நிற்கும் மானிட்டரை (நீர்ப்பீரங்கி) வைத்துத் தண்ணீர் அடியுங்கள்.

நம் ஊரில் தீயில்லாத அழைப்புகளே நிறைய. கிணற்றில் ஆடு விழுந்தது, வீட்டுக்குள் பாம்பு, மரத்தில் கதண்டுக் (விஷக் குளவி) கூடு. கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கியிருக்கும். வாயுமானியில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. மூச்சுத் திணறியவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது. கதண்டு பல இடத்தில் கொட்டியவருக்கு அன்று வலி மட்டும் இருக்கும், இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கறுத்துச் சிறுநீரகம் பாதிக்கலாம். கொட்டிய அன்றே ஆஸ்பத்திரிப் பதிவு வேண்டும். "பூச்சிக்கடிக்கு எதுக்கு ரிப்போர்ட்?" என்று சிரிப்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

வண்டி. 4,500 லிட்டர் டேங்க் என்றால் நாலரை டன் தண்ணீர் முதுகில். முழுசாக நிரம்பிய டேங்கைவிடப் பாதி நிரம்பியது வளைவில் ஆபத்து, தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். ஓடும் வண்டியில் நின்றுகொண்டு உடை மாட்டுவதை நிறுத்துங்கள்.

படி 9: வேலைக்குத் திரும்புவது

தையல் பிரித்ததும் நேராக டர்ன் அவுட்டுக்கு, அதாவது அழைப்பு வந்ததும் வண்டியில் புறப்படும் பணிக்கு, அனுப்ப வேண்டாம். வாட்ச் ரூம், ஹோஸ் சோதனை, ஹைட்ரண்ட் (தீயணைப்புத் தண்ணீர் இணைப்பு) பார்வை என்று உண்மையான வேலை கொடுங்கள். முழு உடையுடன், மூச்சுக்கருவியுடன் ட்ரில் செய்து பார்த்த பிறகே களம். நிரந்தரமாக முடியாது என்றாகிவிட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு அரசு நிறுவன ஊழியருக்குத் துணை நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனமானவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். 'நானே விருப்ப ஓய்வு கேட்கிறேன்' என்ற கடிதத்தில் யாராவது கையெழுத்துக் கேட்டால், இந்தப் பிரிவைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

படி 10: புகை நோட்டு

2022 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. மெசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதுமான சான்று இருக்கிறது என்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மாநிலங்களில், தீயணைப்போருக்குக் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம் உண்டு. நம் தொழில்நோய் அட்டவணையில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது, தீயணைப்பு என்ற வரி இல்லை. நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில்.

ஆகவே ஆளுக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு தீக்கும் ஒரு வரி: தேதி, இடம், என்ன எரிந்தது, எத்தனை நிமிடம் புகையில், மூச்சுக்கருவி இருந்ததா, பிறகு உடையை என்ன செய்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்த தீ என்றால் சிவப்பு மையில். கரி படிந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவதை இந்த நோட்டே நிறுத்திவிடும், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் எழுத வெட்கமாக இருக்கும். மாதம் ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்து. மெசோதீலியோமா வெளிப்பட இருபது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், பதிவேடுகள் கரையான் தின்றிருக்கும். பணி ஓய்வு நாளில் சால்வையோடு சேர்த்து அந்த நோட்டின் மூலப் பிரதியை அவர் கையில் கொடுத்து, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.